மாமா ஜீப் ஓட்டி வந்த காலை

தொலைக்காட்சியில் அந்த விவாதம் தொடங்கிவிட்டால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எந்த ஊரில் யாரைப் போலீஸ் சுட்டிருந்தாலும் விவாதம் ஒன்றுதான். திரையை நான்காகப் பிரித்து நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இப்படிப்பட்டவனுக்குக் கோர்ட்டு எதற்கு என்று ஒருவர் கேட்பார். போலீஸ் செய்ததை அரசாங்கத்து ஆட்களே விசாரித்தால் எப்படி, வெளியாட்களைக் கொண்டு ஓர் அமைப்பு வேண்டாமா என்று இன்னொருவர் கேட்பார். அப்படிச் செய்தால் நாளைக்கு எந்தப் போலீஸ்காரன் துணிந்து வேலை பார்ப்பான் என்று மூன்றாமவர் மடக்குவார். நான்காமவருக்குப் பேச நேரம் கிடைக்காது. அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்ப்பார். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை அம்மா மறுபடியும் கழுவும் சத்தம் கேட்கும்.

எங்கள் குடும்பத்தில் அந்த விவாதத்தில் உட்காரத் தகுதியுள்ள ஒரே ஆள் அவள்தான். அவளோ அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நான் அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். நடந்ததில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியை வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு திண்டுக்கல்லில் மேட்டுப்பட்டிப் பக்கம் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. அம்மா பள்ளிக்கூட டீச்சர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பாள். அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி, என் மாமா, போலீஸில் ஜீப் ஓட்டினார். சின்ன வயதிலேயே தாயை இழந்த அவரை அம்மாதான் சோறூட்டி, அடித்து, படிக்கவைத்து ஆளாக்கினாள். கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள் பிறந்த பின்னும் எங்கள் வீட்டு வழியாக வண்டி போனால் அவர் நிறுத்தாமல் போகமாட்டார். இரண்டு முறை ஆரன் அடித்து, அப்பு என்று என்னைக் கூப்பிடுவார். அம்மா தட்டைக் கழுவிவைப்பாள். அவர் சாப்பிடும் நேரத்தில் நான் ஜீப்பில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் எங்கள் குடத்துக்கு முன்னால் யாரும் குடம் வைக்கமாட்டார்கள். அது டீச்சருக்குத் தரும் மரியாதை என்று அம்மா நம்பினாள். ஜீப்புக்குத் தரும் மரியாதை என்று அப்பா சொல்வார்.

எங்களுக்கு எதிர்வரிசையில், சற்றுத் தள்ளிப் பூவண்டி அண்ணன் குடியிருந்தார். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகையும் முல்லையும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் திண்டுக்கல் வந்து கடைகளுக்கு இறக்கிவிட்டு, காலி வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்துவார். பூ இறங்கிய பிறகும் வண்டிக்குள் வாசம் இருக்கும். நாங்கள் பின்கதவில் மூக்கை வைத்து இழுத்துக்கொண்டு நிற்போம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகும்போது எனக்கென்று ஒரு முழம் முல்லை அவர் வீட்டிலிருந்து வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் அவர் வேறு மாதிரி இருந்தாராம். ஒரு கூட்டத்தோடு சுற்றினாராம். அடிதடி வழக்குகள் உண்டு. அதில் ஒன்று இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஊருக்குப் பெரிய தலைவர் யாராவது வந்தால் முன்னெச்சரிக்கை என்று அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, தலைவர் போனதும் அனுப்பிவிடுவார்கள். அதற்கு அவர் கோபப்பட்டதில்லை. மழைக்கு ஒதுங்குவதுபோலப் போய்விட்டு வருவார். அவன் திருந்தி ரொம்ப நாளாச்சுக்கா என்று மாமாவே எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் ஊரில் பெரிய மனிதர் ஒருவரை அவர் கடை வாசலிலேயே வெட்டிக் கொன்றுவிட்டார்கள். ஒருநாள் முழுக்கக் கடைகளை அடைத்தார்கள். கொலையாளிகளைப் பிடிக்காத போலீஸைக் கண்டித்துச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். பூவண்டி அண்ணனோடு பழைய காலத்தில் சுற்றிய இரண்டு பேரைத் தேடுவதாகப் பேச்சு இருந்தது. அவர் எப்போதும்போல் பூ ஏற்றப் போய்வந்துகொண்டிருந்தார்.

ஒரு காலையில் நான் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் ஜீப் தெருவுக்குள் திரும்பியது. ஆரன் அடிக்கவில்லை. வாயில் நுரையோடு நான் ஓடினேன். மாமாதான் ஓட்டிவந்தார், ஆனால் காக்கி போடாமல் கோடு போட்ட சட்டை போட்டிருந்தார். பக்கத்திலும் பின்னாலும் எனக்குத் தெரியாத ஆட்கள் இருந்தார்கள். மாமா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். உடனே பார்வையை நேராக வைத்துக்கொண்டார்.

"உள்ள போ அப்பு," என்றார்.

நான் போகவில்லை. ஜீப் என்னைத் தாண்டிப் போய்ப் பூவண்டிக்குப் பக்கத்தில் நின்றது. பூவண்டி அண்ணன் பனியனும் லுங்கியுமாக வாளியில் தண்ணீர் வைத்து வண்டி கழுவிக்கொண்டிருந்தார். இறங்கிய ஆட்கள் அவரிடம் ஏதோ பேசினார்கள். அதட்டலோ சத்தமோ இல்லை. ஒருவர் நெடுநாள் சிநேகிதர்போல அவர் தோளில் கை போட்டார். அண்ணன் கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று வீட்டைக் காட்டினார். வேண்டாம் என்றார்கள். அவர் மனைவி, நாங்கள் பூவண்டி அக்கா என்று கூப்பிடுகிறவர், சட்டையோடு ஓடிவந்து ஜீப்புக்குள் நீட்டினார். அண்ணன் உள்ளே உட்கார்ந்தபடி அதைப் போட்டுப் பொத்தானை மாட்டினார். ஜீப் திரும்பும்போது என்னைப் பார்த்து ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

இதற்குள் முகம் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஈர முகத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே ஜீப்பைப் பார்த்தாள். மாமாவும் அவளைப் பார்த்தார். வண்டி ஒரு கணம் தயங்கி, பிறகு வேகமெடுத்துத் தெருமுனையில் மறைந்தது. எதிர்வீடுகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

"தம்பி ஏன் சாப்பிடாமப் போறான்?" என்றாள் அம்மா. என்னிடம் கேட்டாளா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலப் பத்திரிகையை அப்பா கடையிலிருந்து கொண்டுவந்தார். பழனி சாலையில் ஒரு கண்மாய்க் கரையில் விடியற்காலை வாகனச் சோதனை நடந்ததாம். தேடப்பட்டுவந்த ரவுடி பைக்கில் வந்தானாம். நிறுத்தச் சொன்னதும் அரிவாளை எடுத்து வெட்டினானாம். தற்காப்புக்காகப் போலீஸ் சுட்டதில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தானாம். கையில் வெட்டுப்பட்ட காவலர் சிகிச்சையில் இருக்கிறாராம். தரையில் கிடந்த ஓர் அரிவாளின் படமும், கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த மாமாவின் படமும் போட்டிருந்தார்கள்.

அப்பா வாசித்து முடித்ததும் அம்மா கேட்டாள்: "பைக்குலயா? முந்தின நா காலையிலதான ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனாக?"

அப்பா எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

பூவண்டி அக்கா உடலை வாங்கமாட்டேன் என்று கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டார். கொடி பிடித்தவர்கள் சிலரும் அவரோடு உட்கார்ந்தார்கள். கொலையான பெரிய மனிதரின் தெருவில் லட்டு கொடுத்தார்கள். போலீஸைக் கண்டித்த சுவர்களில் போலீஸைப் பாராட்டிப் புதுப் போஸ்டர் ஏறியது. ஊர் இனி நிம்மதியாகத் தூங்கும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், வீட்டிலிருந்து கூட்டிப்போனவன் கையில் அரிவாள் எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்திலும் இதே பேச்சுதான். கொலை செய்யாதே என்ற கட்டளையை ஒருவர் ஞாபகப்படுத்தினார். கட்டளையை முதலில் மீறியவன் யார் என்று மற்றவர் கேட்டார். சாமியார் அன்றைய மன்றாட்டில் இறந்தவர்களுக்காகவும் நம்மைக் காவல் காப்பவர்களுக்காகவும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டார். இரண்டு தரப்பும் அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

அரசாங்கம் விசாரணை வைப்பதாகச் சொன்ன பிறகுதான் அக்கா உடலை வாங்கினார். அண்ணனுடைய வண்டியிலேயே, பூ ஏற்றும் இடத்தில் கிடத்தி, ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீடும் சாத்தியிருந்தது. அம்மா கதவைத் திறந்துவைத்து வாசலில் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வண்டியில் இருந்த வாசம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாட்களில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜீப்பில் அல்ல, பேருந்தில். காயத்துக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்து அடிபடும் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மாதான் மருந்து போடுவாள். அவரை அடுப்படி மணையில் உட்காரவைத்துக் கட்டைப் பிரித்தாள். அரிவாள் வெட்டை இதுவரை பார்த்ததில்லை என்று நானும் ஆவலாக எட்டிப் பார்த்தேன். ஏமாற்றமாகப் போய்விட்டது. முழங்கைக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக, மெல்லிசாக ஒரு கீறல். தகரத்தில் நான் கிழித்துக்கொண்ட காயமே அதைவிடப் பெரியது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இது யாருடா கீறுனது?"

மாமா கையை இழுத்துக்கொண்டார். அவர் அழுததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அம்மா கையைப் பிடித்து இழுத்து, மருந்து வைத்து, துணி சுற்றி முடிச்சுப் போட்டாள். போட்டுக்கொண்டே, விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள், நான் போகப்போகிறேன் என்றாள்.

"அக்கா, நான் வண்டி மட்டுந்தான் ஓட்டுனேன்."

"அதத்தான் நானும் கேக்குறேன். எங்க ஓட்டிக்கிட்டுப் போன?"

மாமா தலை நிமிராமல் தனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருப்பதைச் சொன்னார். சுட்ட அதிகாரியை யாரும் தொடமாட்டார்கள், தொட்டால் முதலில் தன்னைத்தான் தொடுவார்கள் என்றார். பூவண்டிக்காரனுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது என்றாள் அம்மா.

"நான் உன்னயச் சொல்லப் போகலடா. பாத்ததச் சொல்லப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா," என்றார் மாமா.

அவர் சாப்பிடாமல் போனார். அப்பா அதுவரை முன்னறையில் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார். மாமா போன பிறகு வந்து, தெருவில் அத்தனை பேர் பார்த்தார்களே, நீ மட்டும் ஏன் என்று கேட்டார். தடுப்பதற்காகக் கேட்டதுபோலத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

"அவுகளுக்கெல்லாம் பயம்," என்றாள் அம்மா. "எனக்கு என்ன பயம்? எந்தம்பியே போலீசு."

விசாரணை ஓர் அரசு அலுவலகத்தில் நடந்தது. போலீஸ்காரர் இல்லை, வருவாய்த்துறை அதிகாரி ஒருவர்தான் விசாரிப்பார், அதனால் நியாயமாக இருக்கும் என்று அம்மா அப்பாவிடம் சொல்லியிருந்தாள். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் என்னையும் கூட்டிப்போனாள். வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. பூவண்டி அக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு ஒரு வக்கீலம்மா நின்றார். அக்காவுக்காக மதுரையிலிருந்து வந்தவர் அவர். சாட்சி சொல்ல எங்கள் தெருவிலிருந்து வேறு யாரும் வரவில்லை. வீடுவீடாகப் போய்க் கேட்டேன், எல்லாருமே அந்தக் காலையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று வக்கீலம்மா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். அக்காவும் வக்கீலம்மாவும் கூடப் போனார்கள். நான் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அப்போது மாமா வந்தார். சலவை செய்த காக்கி, பளபளவென்று பூட்ஸ். கையில் கட்டு இன்னும் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே போய்க் கடலைமிட்டாய் வாங்கி வந்து கொடுத்தார். நான் தின்னும்வரை பேசாமல் என் பின்னல் நுனியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டார். சொன்னேன். அவர் காதில் விழவில்லை என்று தெரிந்தது; அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.

வெகுநேரம் கழித்து அம்மா வெளியே வந்தாள். மாமாவின் பெயரைச் சொல்லி அடுத்துக் கூப்பிட்டார்கள். வாசலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். வழி குறுகல். யாராவது ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போக முடியும். ஒருவரும் ஒதுங்கவில்லை.

"சாப்டியா?" என்றாள் அம்மா.

"இல்லக்கா."

"மொகமெல்லாம் வாடிக் கெடக்கு."

அவள்தான் ஒதுங்கி வழிவிட்டாள். மாமா உள்ளே போனார்.

எனக்கு அப்படியொரு நிம்மதி. பேருந்தில் வரும்போது, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வருவாரா என்று கேட்டேன். அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஓடிப்போய், அம்மாவும் மாமாவும் ராசியாகிவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுத்திருந்தார்கள். ஆரன் சத்தத்துக்காகக் காத்திருந்து கடைசியில் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வக்கீலம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கடையில் இருந்தார். நான் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். அம்மா காப்பி போட அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அடுப்படி வாசலில் நின்றபடியே அவர் சொன்னதைக் கேட்டாள்.

விசாரணை அதிகாரி அறிக்கை கொடுத்துவிட்டார் என்றார் அவர். சுட்டது தற்காப்புக்குத்தான் என்று முடிவு. அறிக்கையை வெளியில் தரமாட்டார்களாம். முடிவை மட்டும் சொன்னார்களாம். பூவண்டி அக்கா சொன்னதை, மனைவி அப்படித்தான் சொல்லுவாள் என்று தள்ளியிருப்பார்கள். அம்மா சொன்னதையும் தள்ளிவிட்டார்கள்.

"உங்க தம்பி சொன்னத வச்சுத்தான் தள்ளியிருப்பாங்க டீச்சர்," என்றார் வக்கீலம்மா, சங்கடத்தோடு. "நான் உள்ளதான் இருந்தேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தன நாளா வரல. அன்னைக்கு அந்தத் தெருவுக்கே போகலன்னு சொன்னாரு. எங்க அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமத் தூரத்துல ஆள் தெரியாது, அன்னைக்குக் காலையில அக்கா கண்ணாடியும் போட்டிருக்கலன்னு சொன்னாரு."

அம்மா கண்ணாடி போடுகிறவள்தான். விழித்தவுடன் கை அதைத்தான் தேடும். முகம் கழுவும்போது மட்டும் கழற்றிவைப்பாள். அன்றைக்கு அது குழாயடியில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. தம்பியை அடையாளம் காண அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டிருக்காது. அவர் கழுத்தைத் திருப்புகிற விதமே அவளுக்குப் போதும். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"நான் அன்னைக்குக் கண்ணாடி போடலன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

வக்கீலம்மா அவளைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது.

"அந்த ஆபீசர் கேக்கலயா?" என்றாள் அம்மா.

"கேக்கல. எனக்கும் தோணல டீச்சர். நான் அந்த எடத்துல..."

எனக்கு இது என்ன பெரிய கணக்கு என்று இருந்தது. விடை தெரிந்த கேள்விக்குப் பெரியவர்கள் இருவரும் இப்படி விழிக்கிறார்களே என்று, படத்திலிருந்து தலை தூக்காமலே சொன்னேன்:

"மாமாதான் பாத்தாருல்ல. ஜீப்புல இருந்து. நான் பக்கத்துலதான் நின்னேன். உள்ள போ அப்புன்னாரு."

நிமிர்ந்து பார்த்தேன். வக்கீலம்மா நாற்காலியிலிருந்து இறங்கி எனக்கெதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா, இத இன்னொரு தடவ சொல்லு. மெதுவா."

நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள். சீனி தீர்ந்துவிட்டது, முக்குக் கடையில் போய் வாங்கி வா என்றாள். சீனி டப்பா நிறைய இருந்ததை நான் காலையில்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் போனேன்.

பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வக்கீலம்மா மதுரையில் வழக்குப் போட்டார். அம்மா கேட்ட கேள்வியை அதில் எழுதினார் என்று கேள்விப்பட்டேன். வழக்கு ஒத்திவைக்கப்பட்டு, ஒத்திவைக்கப்பட்டு, யாரும் கேட்காமல் கிடந்தது. பூவண்டி அக்கா வண்டியை விற்றுவிட்டுக் குழந்தையோடு நிலக்கோட்டைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். மாமாவைப் பழனிப் பக்கம் மாற்றினார்கள். அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். அக்காவும் தம்பியும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவேயில்லை. வாயில் வந்ததை உளறி மாட்டிக்கொண்டான், கேட்கிறவன் மடையனாக இருந்ததால் தப்பித்தான் என்பது அப்பாவின் கட்சி. அம்மா ஒரே ஒருமுறை அதற்குப் பதில் சொன்னாள். அவன் உளறவில்லை, அவனால் சொல்ல முடிந்த உண்மை அவ்வளவுதான், யாராவது பிடித்துக்கொள்ளமாட்டார்களா என்று போட்டுவிட்டு வந்திருக்கிறான், எடுக்கத்தான் அங்கே ஆள் இல்லை என்றாள். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமாவிடம் கேட்கும் துணிவும் வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் சீனியோடு திரும்பி வந்தபோது வக்கீலம்மா போய்விட்டிருந்தார். குடிக்காத காப்பியில் ஆடை படிந்திருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்து முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

"அன்னைக்குக் காலையில நீ எங்க இருந்த?"

"வாசல்லம்மா. பல்லு வெளக்கிக்கிட்டு."

"இல்ல. நீ தூங்கிக்கிட்டு இருந்த."

இல்லையே என்றேன். மாமா வந்ததை, நான் ஓடியதை, அவள் ஈர முகத்தோடு வந்து நின்றதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, ஒன்றாம் வகுப்பில் எழுத்துத் தவறவிட்ட பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னாள்.

"நீ தூங்கிக்கிட்டு இருந்த. யாரு கேட்டாலும் அதான். எங்க, சொல்லு."

"தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"இன்னொரு தடவ."

சொன்னேன். அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிடி வலித்தது. அம்மாவுக்கு அதற்குள் ஞாபகமறதி வந்துவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் நான் ஒத்துக்கொண்டேன்.